அபிடவிட்டு என்னைக் கொன்ற கதை

அரியலூர் தாலுகாவில் எமனைவிட அதிகம் பேரைச் சாகடித்தவர் அபிடவிட்டுதான். அபிடவிட் என்கிற பிரமாணப் பத்திரம் அடித்துக் கொடுத்தே வந்த பட்டப்பெயர் அது. தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில், சைக்கிள் சங்கிலி போட்டு மேசையோடு பூட்டிய ஒரு டைப் மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதில் ஒரு எழுத்து விழாது. அந்த இடத்தையெல்லாம் பேனாவால் நிரப்புவார். நிரப்பும்போது வாய் முழுக்கத் திட்டு.

அவருக்குத் தெரிந்தது பட்டா மாற்றம் ஒன்றுதான். பழைய ஆள் செத்தார், புது ஆள் வாரிசு. எந்தச் சிக்கலோடு யார் வந்தாலும் அந்த அச்சில்தான் ஊற்றுவார். பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவருக்கு அவருடைய தாத்தாவை இரண்டு முறை சாகடித்துக் கொடுத்தார். "ஒரு தடவை செத்தா நம்ப மாட்டாங்க, தம்பி" என்றார்.

இந்த ஆளிடம்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போய் மாட்டினேன். என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். கல்யாணமான ஆறாவது மாதம் அமெரிக்கா போனாள். மூன்று வருஷம் கழித்து என்னையும் கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பம் போட்டாள். பதில் வந்தது. கல்யாணச் சான்றிதழில் புருஷன் அந்தோணிசாமி, தகப்பன் சவரிமுத்து. பாஸ்போர்ட்டில் வேறு ஆள்: தவிட்டான், தகப்பன் மாணிக்கம். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கவும்.

இருவரும் நான்தான். எனக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் கோயிலில் அந்தோணிசாமி என்று ஞானஸ்நானம் கொடுத்த கையோடு என்னை முறத்தில் போட்டு, பக்கத்து வீட்டு மாணிக்கம் மாமாவிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். அடுத்தவன் பிள்ளையைச் சாவு தொடாதாம். எங்கள் ஏலாக்குறிச்சிப் பக்கம் எத்தனையோ பேர் இப்படி விலைபோனவர்கள்தான். மறுநாளே என்னை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள், ஆனால் தவிட்டான் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்னைக் கூட்டிப்போனவரும் மாணிக்கம் மாமாதான். "பேரென்ன, அப்பன் யாரு?" என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். மனுஷன் கொஞ்சமும் யோசிக்காமல், "தவிட்டான். வாங்கினவன் நான்தானே, எம் பேரப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட் அந்தப் பள்ளிச் சான்றிதழை வைத்து வாங்கியது.

இதையெல்லாம் அபிடவிட்டிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார். ஆங்கிலத்தில் மூன்று பக்கம் அடித்தார். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தேன். என்னைப் போல முட்டாள் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து ஸ்டெல்லாவிடமிருந்து கடிதம். "நீங்கள் செத்துவிட்டதாக இங்கே தகவல் வந்திருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. எது உண்மை என்று உடனே எழுதவும்."

அடுத்த பஸ்ஸில் அரியலூர் போனேன்.

"யோவ், என்னய்யா எழுதி வச்சிருக்க?"

"ரெண்டு பேரு இருந்துச்சு. தவிட்டான் காலமாயிட்டாரு, அந்தோணிசாமி ஒரே வாரிசுன்னு எழுதினேன். சுத்தமா முடிஞ்சுபோச்சு."

"பாஸ்போர்ட்டே அந்தத் தவிட்டான் பேர்லதான்யா இருக்கு! செத்தவன எவன் ஏரோப்ளேன்ல ஏத்துவான்?"

ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப அந்தோணிசாமிய எடுத்துருவோமா?"

"அவன எடுத்தா எம் பொண்டாட்டி தாலியறுத்துட்டு நிப்பா! நடந்ததை எழுதுய்யா!"

"நெசத்தையா?" என்று அதிர்ந்துபோனார். "நெசத்த எழுதினா எந்த ஆபீஸ்ல எடுப்பான்? உனக்கு வெவரம் பத்தல, தம்பி."

சட்டையைப் பிடித்துவிட்டேன். பக்கத்து டீக்கடைக்காரர் வந்து விலக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக யாரையும் சாகடிக்காமல் ஒரு அபிடவிட் அடித்தார். முறம், தவிடு, மூன்று பிள்ளைகள், எல்லாம் அதில் இருந்தது.

மாணிக்கம் மாமாவின் கைநாட்டு வேண்டும் என்று அவரே என்னோடு பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்தார். மாமா மையில் விரலை வைக்க மறுத்துவிட்டார்.

"நான் அப்பன் இல்லேன்னு எங்கையாலயே எழுதித் தரணுமா? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்டா."

நான் மைப்பெட்டியை மூடப் போனேன். அபிடவிட்டு விடவில்லை.

"யாருங்க இல்லேன்னது? சவரிமுத்து பெத்த அப்பன், நீங்க வாங்குன அப்பன். அப்படித்தான் அடிச்சிருக்கேன். பெத்தவன் எல்லா வூட்லயும் இருக்கான். வாங்குனவன் எங்க இருக்கான்?"

மாமா விரலை அழுத்தினார். தாளே கிழிந்திருக்கும்.

இந்த முறை நான் கையெழுத்திட்ட பக்கங்களை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். கடைசித் தாள் சாட்சியாக அபிடவிட்டு எழுதியது. அது அவர் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன்.

மதராஸில் விசா நேர்காணல். மொழிபெயர்க்க ஒரு தமிழர் பக்கத்தில் இருந்தார். அதிகாரி தாள்களை மெதுவாகப் படித்தார். தவிடு என்றால் என்ன என்று கேட்டார். "மாடு திங்கறதுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இது போச்சு என்று நினைத்தேன். பிறகு கடைசித் தாளுக்கு வந்தார். அதில் டைப் இல்லை, பேனாவால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறதென்று அவருக்குச் சொல்லுங்கள்" என்றார். தமிழர் சொன்னார்:

"மேற்படி நபரை எனக்குத் தெரியும். வாய் கெட்டவன், கை நீட்டுகிறவன். என்னிடம் வரும்போதெல்லாம் பெண்டாட்டியின் கடிதங்களை மொத்தமாகக் கட்டி எடுத்து வருவான். ஆதாரத்துக்குத் தேவைப்பட்டது அதில் ஒரே ஒரு கடிதம்தான். ஆகவே இவனை அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

அதிகாரி முத்திரையை எடுத்தார்.

அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி நேராக வேப்பமரத்தடிக்குப் போனேன். அபிடவிட்டு யாருடைய சித்தப்பாவையோ சாகடித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அன்றைக்கு மிஷினைப் பூட்டும்வரை எழுந்திருக்காமல் இருந்தேன்.