கந்தோருக்கு நான் கொண்டுவந்த ஒலிபெருக்கி

புதுமையை விரும்பாத முகாமையாளர் உலகத்தில் கிடையாது. அதை எடுத்துச் சொல்லும் ஆளைத்தான் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல் சரக்கு இறக்கும் ஒரு கம்பனியின் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், தட்டச்சாளராக இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் முகாமையாளர் குணரத்தினம் ஐயா ஒருநாள் எல்லோரையும் கூட்டினார். "புது யோசனை இருந்தாச் சொல்லுங்கோ. கொழும்பிலயிருந்து டிரெக்டர் வாறார், ஏதாவது காட்டவேணும்."

கிளாக்கர் நியாஸ் கூரையைப் பார்த்தார். நான் மட்டும் கையை உயர்த்தினேன். (அந்த வயதில் என்னிடம் தன்னம்பிக்கையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.)

என் யோசனை ஒலிபெருக்கி. ஆட்களைக் கூப்பிட ஒவ்வொரு முறையும் ஒருவர் வெயிலில் படகுகள் கட்டும் ஜெட்டிவரை ஓடத் தேவையில்லை, மேசையிலிருந்தே கூப்பிடலாம். கல்யாண வீடுகளுக்குப் பாட்டுப் போடுகிறவரிடம் இரவல் வாங்கி, சரக்கு வைக்கும் ஸ்டோர்க் கூரையில் கடலைப் பார்த்தபடி கட்டுவித்தேன்.

டிரெக்டர் வந்தார். வானொலி அறிவிப்பாளர் என்ற நினைப்பில், "படகுப் பொறுப்பாளர் உடனடியாகக் கந்தோருக்கு வரவும்" என்றேன். அவர் ஓடிவந்தார். டிரெக்டர் கைதட்டினார். ஒலிபெருக்கியையே தான்தான் கண்டுபிடித்தவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஐயா டிரெக்டரை ஜெட்டிக்கு அழைத்துப் போனார்.

மைக்கை மேசையில் வைத்தேன். மைக்கோடு வந்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பென்றால் நின்றுவிட்டது என்று பொருள். (ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு வேறென்ன தெரியும்?)

"கெட்டிக்காரி மிஸ் நீங்கள்," என்றார் நியாஸ்.

"ஓம், இந்தக் கந்தோரில மூளை எனக்கு மட்டும்தான் வேலை செய்யுது. நீங்கள் ஏன் வாயே திறக்கேல்லை?"

"நான் ஒருக்காத் திறந்தனான். ஸ்டோரின்ட கடல்பக்கக் கதவைத் திறந்துவிட்டா மூட்டையளைச் சுத்திக் கொண்டுவரத் தேவையில்லை எண்டு சொன்னனான். ஐயா என்ன சொன்னவர் தெரியுமோ?"

எனக்குத் தெரியாதா? மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐயாவின் இருமலையும் முன்னால் சேர்த்து நடித்துக் காட்டினேன். "க்ஹும்! நீர் எழுத வந்தனீரோ, யோசிக்க வந்தனீரோ?"

நியாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த உற்சாகத்தில் தொடர்ந்தேன். "மழை பெய்தாலும் எங்களைத்தான் ஏசுவார். பிறகெப்படி ஒருத்தன் யோசனை சொல்லுவான்?"

வெளியே சரக்குத் தூக்கும் வின்ச் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்த அமைதியில், அக்கரை மலையில் பட்டு ஒரு குரல் திரும்பி வந்தது. "...சொல்லுவான்?"

என் குரல்தான்.

நியாஸ் மேசைக்கடியில் எதையோ தேடத் தொடங்கினார். நான் வயரைப் பிடுங்குவதற்குள் வாசலில் ஐயா நின்றார். பின்னால், கைக்குட்டையால் வாயை மூடியபடி டிரெக்டர். அவருக்கும் பின்னால் பாதி ஜெட்டி. எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

"க்ஹும்," என்று தொடங்கினார் ஐயா. ஜெட்டியே சிரித்துவிட்டது. அவர் முகம் சிவந்தது. பிறகு நியாஸைத் தேடிக் குனிந்தார்.

"அந்தக் கதவுப் பூட்டின்ட திறப்பு ஆரிட்ட?"

"பூட்டுத் துருப்பிடிச்சிட்டுது ஐயா. திறக்க ஏலாது."

"அப்ப உடைப்பம்."

உடைத்தார்கள். முதலில் கடற்காற்று வந்தது, பிறகு மூட்டைகள் வந்தன. அதன்பின் சனிக்கிழமைகளில் தேத்தண்ணியோடு எல்லோரையும் இருத்தி ஐயா யோசனை கேட்டார். இருமல் போகவில்லை, ஆனால் இருமிவிட்டு முழுவதையும் கேட்டார். வந்த யோசனைகளில் பல படுமுட்டாள்தனமானவை, அதில் பாதி என்னுடையவை. ஒருவரும் ஏச்சு வாங்கவில்லை. மூட்டைக்குத் தள்ளுவண்டி வந்ததும், மழைக்குப் படகில் தார்ப்பாய்ப் படங்கு கட்டியதும் அப்படித்தான். ஒலிபெருக்கி மட்டும் அன்று பின்னேரமே கல்யாண வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

அடுத்த வருடம் என்னைப் பெண்பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்திலிருந்து மூதூருக்கு ஆளேற்றும் லாஞ்ச் படகில் வேலை. அம்மா பெருமையோடு, "எங்கட பிள்ளை அதிர்ந்து ஒரு வார்த்தை கதையாது" என்றார்.

மாப்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஓம் மாமி," என்றார் பணிவாக, "அண்டைக்கு நாங்கள் நடுக்கடலில நிண்டு கேட்டனாங்கள்."

கல்யாணம் நடந்தது. இப்போது நான் வீட்டில் குரலை உயர்த்தினால் பேரப்பிள்ளைகள்கூட, "அம்மம்மா, லாஞ்சுக்குக் கேட்டிட்டுதாம்" என்கிறார்கள்.