‘கம்’ என்றால் வருவது என்று யார் சொன்னது?

போர்ட் அன்டோனியோ, ஜமைக்கா
சனிக்கிழமை, காலை பத்தரை மணி

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஹெசக்காயா பிரவுன்லியின் பணிவான வணக்கம். இங்கே ஆட்டைத் தவிர எல்லோரும் நலம். ஆடு கல்யாணக் குழம்பாகிவிட்டது.

உங்கள் சிறுவர் பக்கத்தில், ‘கம்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ‘பேசுபவரை நோக்கி நகர்ந்து வருதல்’ என்று பொருள் போட்டிருக்கிறீர்கள். அடக் கடவுளே! அறுபத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். ‘சூன் கம்’, அதாவது ‘இதோ வந்துடுறேன்’, என்று சொன்ன ஒருத்தராவது என்னை நோக்கி ஓர் அடி நகர்ந்து நான் பார்த்ததில்லை! இன்று பன்னிரண்டு மணிக்கு என் ஒரே மகள் ஜாசிந்துக்குக் கல்யாணம். பன்னிரண்டரைக்குப் பாதிரியார் அடுத்த ஊர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார். மாப்பிள்ளை டென்சில் திங்கட்கிழமை கப்பல் வேலைக்குப் போனால் எட்டு மாசம் கழித்துத்தான் திரும்புவான். நம் ஜனங்களைத் தெரியாதா என்று அழைப்பிதழில் ஒன்பது மணி என்று அச்சடித்தேன். ஊரில் எல்லோரும் இப்படித்தான் அச்சடிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும் என்பதை மறந்துவிட்டேன்! கேக் செய்யும் மிஸ் ஐவலினுக்குப் போன் போட்டேன். “இதோ வந்துட்டே இருக்கேன் பிரவுன்லி!” என்கிறாள், பின்னால் முட்டை அடிக்கிற சத்தம் கேட்கிறது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

“பாதி வழி வந்தாச்சு மாமா!”

“பாதி வழியில உங்கம்மா ‘எழுந்திரிடா’ங்கிறாங்களே?”

“அது ரேடியோ மாமா.”

கார்க்காரன் லாசெல்ஸ் அதற்கும் மேல்.

“வாசல்லதான் நிக்கிறேன் பாஸ்!”

எட்டிப் பார்த்தேன், கோழிதான் நிற்கிறது.

“எந்த வாசல்டா?”

“எங்க வீட்டு வாசல் பாஸ்.”

ஆகவே, ‘கம்: கிளம்பலாமா என்று யோசித்தல்’ என்று அடுத்த இதழிலேயே திருத்திப் போடுங்கள். பொய்யைப் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாது.

கர்த்தர் உங்களுக்கும் உங்கள் அச்சு இயந்திரத்துக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஹெசக்காயா பிரவுன்லி

பி.கு.: இப்போது மணி பன்னிரண்டே கால். மகளையும் மனைவியையும் லாசெல்ஸ் சர்ச்சில் இறக்கிவிட்டானாம். கடிதம் பாதியில் நிற்கிறதே என்று நான்தான் அவர்களை முன்னால் அனுப்பிவைத்தேன். பாதிரியார், மாப்பிள்ளை, கேக், எல்லாம் ஆஜர். ஜாசிந்த் போனில் அழுகிறாள்: “அப்பா, உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போவேன்! பாதிரியார் பைபிளை மூடப் போறாரு! எங்க இருக்கீங்க?”

“பாலத்தைத் தாண்டிட்டேன்மா!” என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் குளிக்கவில்லை.