கொய்னா டிரெசரின் காலைப் பெரட்டு

எங்கள் தோட்டத்தில் திட்டுக்கு ஒரு வரிசை உண்டு. பெரிய துரை சின்னதுரையைத் திட்டுவார். சின்னதுரை கிராணியைத் திட்டுவார். கிராணி கங்காணியைத் திட்டுவார். கங்காணி, வேறு ஆள் அகப்படாவிட்டால், மாட்டைத் திட்டுவார். பேராக் மாநிலம் முழுவதிலும், தனக்குச் சேரவேண்டிய திட்டையெல்லாம் தானே திட்டித் தானே வாங்கிக்கொண்ட மனிதர் கொய்னா டிரெசர் ஒருவர்தான். அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. தீர்வதாகவும் இல்லை.

சுங்காயிலிருந்து ஏழு மைல் உள்ளே கிடந்த ரப்பர்த் தோட்டம் அது. நான் கணக்கெழுதப் புதிதாக வந்த கிராணி. டிரெசர் என்றால் மருந்து கொடுத்துக் கட்டுப்போடுபவர்; அவர்தான் தோட்டத்து ஆஸ்பத்திரியின் ஏகபோகச் சக்கரவர்த்தி. காய்ச்சல் என்று போனால் கொய்னா என்ற கசப்பு மருந்து கொடுப்பார். வயிற்றுவலி என்று போனாலும் கொய்னாதான். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று போனால் இருவருக்கும் ஆளுக்கொரு அவுன்ஸ். அந்தக் கசப்பில் சண்டை மறந்துபோய் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து அவரைத் திட்டிக்கொண்டு போவார்கள். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் அந்தக் கொய்னாச் சீசாவுக்குள் எப்போதோ கரைந்துவிட்டது.

ஒரு முறை சின்னதுரை காய்ச்சலில் விழுந்தார். இரண்டு வாரம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட டிரெசருக்கு, பொழுது போகாத துரை போக்கர் சீட்டாட்டம் கற்றுக்கொடுத்தார். துரைக்குக் காய்ச்சல் விட்டது. டிரெசரைப் பிடித்துக்கொண்டது. அவர் எனக்கும், தோட்ட வேலையை மேற்பார்வையிடும் கண்டக்டருக்கும் ஒட்டவைத்தார்.

மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. மரத்தில் கட்டிய மங்குகளில் பாலுக்குப் பதில் மழைத்தண்ணீர்தான் நிறையும். ஆகவே மழைக்காலை எங்களுக்குச் சீட்டுக்காலை. காசு வைத்து ஆடினால் டிரெசருக்குப் பிடிக்காது. தோட்டத்தில் கொட்டிக்கிடந்த ரப்பர்க் கொட்டைகள்தான் பந்தயம். வாரக் கடைசியில் யாரிடம் கொட்டை அதிகமோ, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். மூன்று பேருக்கும் பொதுவான ஒரே சைக்கிள் அது. மணியைத் தவிர அதன் மற்ற பாகங்கள் எல்லாம் சத்தம் போடும்.

ஆட்டத்தில் டிரெசர் தப்புச் செய்தால் பார்க்க வேண்டும். சீட்டை மெல்லக் கவிழ்த்துவைப்பார். எழுந்து நிற்பார். காதைப் பிடித்துக்கொண்டு மூன்று தோப்புக்கரணம். பிறகு உச்சக்குரலில்:

"அடேய் டிரெசர்! ஒத்த ஜோடிய வச்சிக்கிட்டு எதுக்குடா பந்தயத்த ஏத்துன? உன் மண்டைக்குள்ள என்ன இருக்கு, மூளையா, உறைஞ்ச ஒட்டுப்பாலா?"

"ஒட்டுப்பால்னா துரை வித்திருப்பாரு அண்ணே. உக்காருங்க" என்பார் கண்டக்டர்.

உட்காரமாட்டார். ஒரு அவுன்ஸ் கொய்னா ஊற்றி, முகம் எட்டுக் கோணலாகக் குடித்துவிட்டு வந்துதான் அடுத்த சீட்டைத் தொடுவார். அதன்பின் அந்தத் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் விஷயம் அங்கே முடியவும் முடியாது. மறுநாள் விடியலில் துரை தொழிலாளிகளைப் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு வைக்கும்போது, இவர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பலாமரத்தடியில் தன் தப்புகளுக்குப் பெரட்டு வைப்பார்.

"நேத்து ஒத்த ஜோடிக்கு ஏத்துனவன்!"

உடனே குரலை இறக்கி அவரே, "இருக்கேன் ஐயா!"

"பயந்துபோயி சீட்டப் போட்டவன்!"

"இருக்கேன் ஐயா!"

"போங்கடா வேலைக்கு!"

எல்லாத் தப்புகளும் வேலைக்குப் போய்விடும். மனிதர் புதுத்துணி உடுத்தியவர்போலச் சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரியைத் திறப்பார்.

என் முறை வேறு. தப்பு என்னுடையது, திட்டு மற்றவர்களுக்கு. தோற்றால் சீட்டுக்கட்டைத் திட்டுவேன், மேசையைத் திட்டுவேன், கண்டக்டரின் இருமலைத் திட்டுவேன். அந்தக் கோபம் ஒரு வாரம் கெடாமல் இருக்கும், உப்புப்போட்ட நார்த்தங்காய் மாதிரி.

அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சுங்காயில் பெண் பார்க்கப் போகவேண்டியிருந்தது. பெண்ணின் தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்தவர். பத்து மணி என்றால் பத்து மணி என்று எழுதியே அனுப்பியிருந்தார். எனக்கு அந்த வாரம் சைக்கிள் தேவை. ஆனால் காரணத்தைச் சொன்னால் கேலி செய்வார்களே என்று வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை நல்ல மழை. என் கைக்கு மூன்று ராஜாக்கள் வந்தார்கள்.

டிரெசர் தன் சீட்டுகளைப் பார்த்தார். "எனக்கு ஒன்னும் மாத்த வேணாம்" என்றார். மாற்றவேண்டாம் என்றால் ஐந்தும் பொருந்திய கை என்று அர்த்தம். தன் கொட்டைகள் முழுவதையும் முன்னால் தள்ளினார். நான் கூரையைப் பார்த்தேன், மழையைப் பார்த்தேன், மூன்று ராஜாக்களின் தாடியையும் பார்த்தேன். பயந்து கவிழ்த்துவிட்டேன்.

அவர் விரித்துக் காட்டினார். மூன்று, ஐந்து, எட்டு, ஒன்பது, ஒரு ராணி. ஒன்றோடொன்று முகம்கொடுத்துப் பேசாத ஐந்து சீட்டுகள்.

"அலாமாக்!" என்று வாயைப் பிளந்தார் கண்டக்டர். "மூணு ராஜாவயும் ஒரு ராணி வெரட்டிட்டா லா!"

மேசையை உதைத்தேன். ரப்பர்க் கொட்டைகள் வராந்தா முழுக்கச் சிதறின. சீட்டுக்கட்டை மழையில் வீசினேன். "நீரெல்லாம் ஒரு மனுஷனா? பொய் சொல்லிப் பிழைக்கிறீர்! நாளைக்கு எனக்குப் பொண்ணு பாக்குற நாள்!" என்று கத்தினேன்.

டிரெசர் முகம் வெளுத்தது. "அத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? சைக்கிள எடுத்துக்கிட்டுப் போங்க."

"உம்ம பிச்சை எனக்கு வேணாம்!"

"அப்ப ஒரு அவுன்ஸ் குடிங்க. சீட்டுல செஞ்ச தப்ப அங்கயே கழுவிடணும். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா குட்டி போடும்."

அவர் நீட்டிய கண்ணாடிக் குவளையைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் காலை வெள்ளை வேட்டி, கோட்டு, குடையுடன் நடந்தே கிளம்பினேன். செம்மண் ரோடு, கணுக்கால்வரை சேறு. அரை மைல் போவதற்குள் பின்னால் அந்தச் சைக்கிளின் எல்லாப் பாகங்களும் கேட்டன.

"ஏறுங்க தம்பி."

"மாட்டேன்."

"சரி, நான் எறங்கி நடக்கறேன். நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க."

"மாட்டேன்."

இப்படியே ஏழு மைல். நான் நடை, அவர் என் பக்கத்தில் ஆமைவேகத்தில் சைக்கிள். மெதுவாக ஓட்டினால் சைக்கிள் நிற்காது. இரண்டு முறை வாய்க்காலில் விழுந்தார். இரண்டு முறையும் எழுந்து, "அடேய் டிரெசர், ஒழுங்கா ஓட்டுடா!" என்று தன்னைத்தான் திட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. பெண்ணின் தகப்பனார் வாசலில் நின்று எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இது யாரு சைக்கிளு?"

"எங்க சைக்கிளுதாங்க" என்றார் டிரெசர், உடம்பெல்லாம் சேறாக. "தப்பு முழுக்க என்னோடது. சீட்டுல நான்தான்..."

"சீட்டு வேறயா? சைக்கிள பக்கத்துல வச்சிக்கிட்டு ஏழு மைலு நடந்து வாரவருக்கு எம்பொண்ணக் குடுத்தா, சோத்த பக்கத்துல வச்சிக்கிட்டு பட்டினி போடுவாரு. போயிட்டு வாங்க."

பெண்ணின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. கதவிடுக்கில் ஒரு பச்சை முந்தானை தெரிந்தது, அவ்வளவுதான். திரும்பும்போதும் நடந்தே வந்தேன். திரும்பும்போதும் அவர் பக்கத்திலேயே வந்தார்.

திங்கட்கிழமை விடியலில் பெரட்டுக் கொம்பு ஊதியது. நான் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தேன். அவரையும் அவருடைய கொய்னாவையும், அதைக் கண்டுபிடித்தவனையும் சபித்து முடித்திருந்தேன். பலாமரத்தடியில் குரல் கேட்டது.

"ஒன்னுமில்லாத கைய வச்சிக்கிட்டு தம்பிய ஏமாத்துனவன்!"

"இருக்கேன் ஐயா!"

"மூணு ராஜாவ கவுத்தவன்!"

அது நான். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பதிலுக்காக என் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். பிறகு அவர் குரலே மெதுவாகச் சொன்னது: "இருக்கேன் ஐயா."

"சைக்கிள் இருந்தும் நடந்தவன்!"

மறுபடியும் காத்திருந்தார். மறுபடியும் அவரே, "இருக்கேன் ஐயா." அப்புறம் குவளைச் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று அவுன்ஸ். என் பங்கையும் சேர்த்துக் குடித்துவிட்டு நெடுநேரம் இருமினார்.

ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாதம் முடிவதற்குள் அவரை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். வழியனுப்பவும் நான் போகவில்லை, கோபமாம். அந்தச் சைக்கிளில் தன் பங்கை எனக்கே விட்டுப்போனார்.

இப்போது எனக்கு மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு, நாளுக்கு நாலு தப்பும் உண்டு. ஈப்போவில் விடியலில் பல் துலக்கும்போது அந்தப் பெரட்டு காதில் கேட்கிறது. யாரும் கூப்பிடாமலே வாய் நிறைய நுரையோடு சொல்லிக்கொள்கிறேன்:

இருக்கேன், டிரெசர் அண்ணே.