எலும்புச் சூப்புக்கு லேசர் சாட்சி

பேரன்புக்கும் பெரும்படிப்புக்கும் உரிய மருமகள் சிஹாயாவுக்கு மாமா தொகுஹெய் எழுதுவது. இங்கே பிளம் மரங்கள் பூத்துவிட்டன. என் முழங்கால் நீங்கலாக அனைத்தும் நலம்.

உங்கள் ஆய்வுக்கூடத்தை ஊர்மக்கள் பார்க்கத் திறந்துவிட்ட அன்று நான் பானையோடு வந்து நின்று உன் மானத்தை வாங்கிவிட்டேனாம். உன் அப்பா ஃபோனிலேயே குதித்தார். நான் கேட்டதில் என்ன தப்பு? உடைந்த அணு உலைக்குள் மனிதன் கால் வைக்க முடியாது. நீங்களோ நூல் போன்ற கண்ணாடி இழையை உள்ளே விட்டு, அதன் வழியே லேசரைப் பாய்ச்சி, உருகிக் கிடப்பதில் ஊசிமுனையளவைப் பொறியாக்கி, அந்தப் பொறியின் நிறங்களை வைத்தே இது யுரேனியம், இது இரும்பு, இது சிமெண்ட் என்று வெளியே இருந்தபடி சொல்லப்போகிறீர்கள். அப்படியிருக்க, உன் அத்தை கினுவேயின் நூடுல்ஸ் கடைப் பானையில் பிடித்த அடிப்பற்று எம்மாத்திரம்? அந்த உலை உடைந்து ஊரைக் காலி செய்யச் சொன்ன அன்று அடுப்பை அணைத்துவிட்டு வந்தவள், சூப்பின் பக்குவத்தை யாரிடமும் சொல்லாமலே, நாங்கள் தஞ்சம் புகுந்த இவாக்கி நகரில் கண்ணை மூடிவிட்டாள். இப்போது ஊர் திறந்தாயிற்று. அந்த ருசி இல்லாமல் நான் கடையைத் திறந்தால் ஈகூட வராது. இடித்த கடைத்தெருவின் பாத்திரங்கள் சமூகக்கூடத்தில் இமயமலையாகக் குவிந்து கிடந்தன. அதற்குள் அவள் பானையைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்தவன் நான்.

"மாமா, இது ருசியெல்லாம் சொல்லாது. என்னென்ன தனிமம் இருக்குன்னுதான் சொல்லும்."

"அது சொல்றதைச் சொல்லட்டும்மா, மீதிய நான் பாத்துக்கறேன்."

பொறி தெறித்தது. பக்கத்து மாவட்டம் வரை கண் கூசியிருக்கும்.

"இரும்பு, சோடியம்... கால்சியம் ரொம்ப இருக்கு மாமா."

"கால்சியம்னா எலும்பு! எலும்புன்னா மீன்!"

"தண்ணியில இருக்கற உப்பாவும் இருக்கலாம்."

"உங்க அத்தை வெந்நியை வித்தா சம்பாதிச்சா?"

மீன் என்று வாய் சொன்னதுதான் தாமதம், மூக்குக்கு எல்லாம் வந்துவிட்டது. துறைமுகத்தில் அவள் அதட்டி வாங்கும் தட்டைமீன் எலும்பு, கூரையில் காயப்போட்டுவிட்டுத் துடைப்பத்தோடு பூனைப்படையை எதிர்த்து நிற்கும் நிற்பு, கரியில் அதைச் சிவக்க வாட்டும்போது கிளம்பும் வாசனை, அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே அணுமின் நிலையத்திலிருந்து தலைக்கவசத்தோடு வந்து இறங்கும் ஆட்கள். அப்படியே செய்தேன். குடித்துப் பார்த்த டோஃபுக்காரர் ஒகாவாரா கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நிமிரவே இல்லை. ஆகவே கடைப் பலகையில் 'லேசர் கண்டெடுத்த சூப்' என்று கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உன் இழை அறாதிருக்க, உன் பொறி அணையாதிருக்க, உலைக்குள் கிடக்கும் கட்டியெல்லாம் உனக்கு அடங்கி உண்மை பேச, மாமாவின் மனமார்ந்த ஆசிகள்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் எதிர்க்கடை ஹங்காய் வந்துவிட்டான், உன் அத்தையோடு கடைசிவரை முகம் கொடுத்துப் பேசாதவன். "யோவ், என் பானைய ஏன்யா தூக்கிட்டு வந்தே? அடியில என் பேரு இருக்கு பாரு. என் கடையில ஏதுய்யா மீனு? எல்லாம் பன்னி எலும்பு!" திருப்பிப் பார்த்தேன், இருந்தது. வாயடைக்க ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தான். "இது கினுவே சூப்புதான்யா," என்றான், என்னைப் பார்க்காமல். ஆகவே உன் லேசருக்கு மேலே சூட்டிய மகுடங்கள் யாவும் ரத்து. பலகையில் அவள் பெயர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். ஹங்காய் பானையைத் திருப்பிக் கேட்கவில்லை.