வேப்பிலை கட்டிய படலையும் பொரித்த விளைமீனும்

அனலைதீவு,
வெள்ளிக்கிழமை, பின்னேரம்.

நோர்வே நாட்டின் பனிமலைகளையும் மச்சானையும் ஒருசேர ஆண்டுகொண்டிருக்கும் அருமைத் தங்கச்சி இலட்சுமிப்பிள்ளைக்கு, நாற்புறமும் கடலைக் காவலுக்கு நிறுத்தி இத்தீவை ஆளும் உன் அண்ணன் ஐயாத்துரை எழுதிக்கொள்வது. நான் சுகம். வெள்ளைப் பசுவும் சுகம். நேற்று நீ போனில் அழுத அழுகையில் இங்கே துறைமேடை ஒரு முழம் தாழ்ந்துவிட்டது. ஆகவே இனி அழாமல் வாசி.

உன் மகள் துஷாந்தி தத்தெடுத்திருக்கும் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் அம்மை இல்லை. அடுத்த வீட்டு நாகபூசணியின் மகள் கனடாவிலிருந்து உனக்குச் சொன்னது முழுப்பொய். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அந்தப் பொய்யைப் பெற்று வளர்த்து ஊருக்குள் விட்டவனே நான்தான். போனில் சொல்லலாம் என்றால் துஷாந்தி கலங்கியதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், அவளோ பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

துஷாந்தியும் மருமகன் மிரோஜனும் யாழ்ப்பாணத்துச் சிறுவர் இல்லத்திலிருந்து மூன்று வயது ஆரணியைக் கூட்டிக்கொண்டு, நீதிமன்றத்தின் கடைசிக் கட்டளை வரும்வரை என் வீட்டில் இருப்பதென்று வந்தார்கள் அல்லவா, அப்போது தத்துப் பிள்ளைகளின் காரியம் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் அம்மா ஒரு சட்டம் போட்டார். பிள்ளையைத் தூக்குவது, சோறு தீத்துவது, நித்திரையாக்குவது எல்லாம் தாயும் தகப்பனும் மட்டும், வேறு கை படக்கூடாது, அப்போதுதான் தனக்குரிய ஆள் யார் என்று பிள்ளைக்கு விளங்கும், தான் திரும்ப வந்து பார்த்து எழுதப்போகும் அறிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். இந்தச் சட்டத்தை அனலைதீவில் நடைமுறைப்படுத்துவதைவிடக் கடலைப் பன்னாடையால் வடிகட்டுவது லேசு. புதுப்பிள்ளை வந்த வீட்டுக்குள் ஊரே புகுந்து கன்னத்தைக் கிள்ளி ஆளுக்கொரு வாய் தீத்தாவிட்டால் இங்கே பொழுது படாது. முதல் நாளே நாகபூசணி தலைமையில் ஒரு படை வந்தது. பிள்ளை அலுமாரிக்குப் பின்னால் நுழைந்து, இல்லத்திலிருந்து கொண்டுவந்த நீலப் பிளாஸ்ரிக் கோப்பையால் முகத்தை மூடிக்கொண்டது. அதைக் கண்டு பொறுக்காமல், விடிந்ததும் வேப்பமரத்தில் பாதியை முறித்து வாசல் படலையில் கட்டிவிட்டு, "பிள்ளைக்கு அம்மாள் வருத்தம்" என்று ஒரு சொல் சொன்னேன். படை புறமுதுகிட்டது. உலக வரலாற்றில் கத்தியின்றிக் கிடைத்த மாபெரும் வெற்றி என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன், தங்கச்சி. அம்மாள் வந்த வீட்டில் மீன் காய்ச்ச ஏலாது, பொரிக்க ஏலாது, ஒரு கடுகு வெடிக்க ஏலாது. நாகபூசணியின் மூக்கை நீ மறந்திருக்கமாட்டாய். எழுவைதீவில் கருவாடு காய்வதை இங்கே குசினிக்குள் இருந்தபடியே சொல்லும் மூக்கு அது. ஆகவே காலையில் பருப்பு, மத்தியானம் பூசணிக்காய், இரவு திரும்பப் பருப்பு. சுற்றிவரக் கடல் நிறைய மீன் துள்ளி என்னைப் பார்த்துச் சிரிக்குது, நான் பூசணிக்காயைப் பார்த்து அழுகிறேன். நான் மெலிந்தால் தீவுக்குத்தான் நட்டம், போகட்டும். பிள்ளையல்லோ வாயைத் திறக்குதில்லை! துஷாந்தி பிசைந்த சோற்றோடு கிட்டப்போனால் சுவரைப் பார்க்கும். "அன்ரி, வேண்டாம்" என்னும். அன்ரி! மிரோஜன் பிள்ளையின் உயரத்துக்கு இருக்கவேண்டும் என்று நிலத்திலேயே சப்பாணி கட்டியிருந்து, கால் விறைத்து, எழும்ப இரண்டு ஆள் தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டான்.

நேற்றுமுன்தினம் துஷாந்தி குசினிக்குள் சட்டியைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் கேட்டாள்.

"மாமா, அவளுக்கு என்னைப் பிடிக்கேல்லை. பட்டினி கிடந்தாலும் என்ர கையால சாப்பிடமாட்டன் எண்டு நிக்கிறாள். திரும்ப இல்லத்திலயே விடுறதுதான் அவளுக்கு நல்லமோ?"

அவள் கழுவிய சட்டியை வாங்கி நான் திரும்பக் கழுவினேன். பயந்துபோனேன், தங்கச்சி. உத்தியோகத்தர் அம்மா அடுத்த நாள் வருகிறார். இந்தக் கேள்வி அவர் காதில் விழுந்தால் எல்லாம் முடிந்தது.

நேற்று விடிய மீன்கார ஜெனீற்றா வந்தாள். வேப்பிலையைக் கண்டதும் ஒதுங்கி நின்று, பிள்ளைக்குச் சுகமோ என்று கேட்க மீன் கடகத்தை இறக்கினாள். அவ்வளவுதான் நடந்தது. வந்த நாள் முதல் முற்றத்துக்கே இறங்காத ஆரணி கோப்பையும் கையுமாக ஓடிப்போய்க் கடகத்துக்கு முன்னால் குந்தியிருந்து, ஒரு விளைமீனின் கண்ணை விரலால் குத்திப் பார்த்துவிட்டு, துஷாந்தியைத் திரும்பிப் பார்த்தது.

"பொரிப்பீங்களோ?"

ஜெனீற்றா சிரித்தாள். "ஐயாத்துரையண்ணை, அந்த இல்லம் கடற்கரையில இருக்கு. அங்க மீன் இல்லாமல் சோறு இறங்காது. நீங்கள் பிள்ளைக்கு என்ன குடுக்கிறியள்?"

பூசணிக்காய் என்று வானத்தைப் பார்த்துச் சொன்னேன். பொய்யா, பிள்ளையா என்று என் மனத்துக்குள் நடந்த போரில் குதிரைகள் செத்தன, யானைகள் செத்தன. "பொரி பிள்ளை" என்றேன். பெட்டியில் வரும் மீனைத் தவிர வேறு மீனைத் தொட்டறியாத உன் மகள், செதில் கன்னத்தில் ஒட்ட ஒட்டக் கழுவிப் பொரித்தாள். முள் எடுத்து எடுத்து ஊட்டினாள். பிள்ளை வாய் திறந்தது. மூடியது. திரும்பத் திறந்தது.

அதற்குள் வாசம் வேலி தாண்டிவிட்டது. அம்மாள் வந்த வீட்டில் மீன் பொரிக்கிறான் பாவி என்று நாகபூசணி ஒழுங்கை முழுவதையும் திரட்டிக்கொண்டு வந்தாள். அவர்களுக்குப் பின்னால், காலைப் படகில் வந்திறங்கிய உத்தியோகத்தர் அம்மா! முற்றம் நிறைய ஆள். பிள்ளை மிரண்டு நாலு பக்கமும் பார்த்தது. அலுமாரிப் பக்கம் ஓடவில்லை. நீலக் கோப்பையைப் போட்டுவிட்டுத் துஷாந்தியின் காலைக் கட்டிக்கொண்டு, எண்ணெய் வாயை அவள் சட்டையில் புதைத்தது.

உத்தியோகத்தர் அம்மா குனிந்து, துஷாந்தியைக் காட்டி, "இது ஆர், பிள்ளை?" என்று கேட்டார்.

"என்ர ஆள்" என்றது பிள்ளை.

அவர் ஏதோ எழுதினார். என்னைப் பார்த்து வேப்பிலைக்கு விளக்கம் கேட்டதும் நான் திணறியதும் உனக்குத் தேவையில்லாத வரலாறு.

இனி நீ கலங்காமல் இரு. மச்சானுக்கு என் அன்பு. சளி பிடிக்காமல் காதை மூடிக்கொண்டு, நூறு பனிக்காலம் கண்டு வாழ்வாயாக.

இப்படிக்கு,
பொய் சொல்வதை இன்றோடு நிறுத்திய அண்ணன்,
ஐயாத்துரை

பி.கு.: ஒப்பம் வைத்த மை காயமுன் துஷாந்தி கூப்பிட்டாள். பிள்ளையின் வயிற்றில் நீர் கோத்த பொட்டுகள். அசல் கொப்புளிப்பான். டொக்டர் பார்த்து, பயமில்லை என்றார். ஆகவே மேலே நான் பொய் என்று எழுதியதெல்லாம் பொய், நாகபூசணியின் மகள் சொன்னதே மெய். கழற்றி எறிந்த வேப்பிலையைப் பொறுக்கித் திரும்பக் கட்டினேன். ஊரில் ஒரு சீவன் நம்பவில்லை. நாகபூசணி கணவாய்மீன் கறியோடு விறாந்தையில் கதிரை போட்டு இருக்கிறாள். துஷாந்திக்குச் சின்னனில் இது வந்ததா என்று உடனே சொல். வராதவள் என்றால் தள்ளிப் படு என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, "ஏலாது மாமா, நான் அவளின்ர ஆள்" என்கிறாள்.