துரை விட்டுப்போன நாய்

1946 ஏப்ரலில், தூத்துக்குடி பீச் ரோட்டில் இருந்த ஒரு கப்பல் கம்பெனியின் ஏஜெண்டு துரை ஆறு மாத விடுப்பில் சீமைக்குக் கப்பலேறினார். அவருடைய கிரேட் டேன் நாய் டியூக் கப்பலேறவில்லை.

அது அந்தக் கம்பெனியின் தற்காலிகக் குமாஸ்தா ரோச்சின் வீட்டு முன்னறையில் நின்றது. தலை சன்னலிலும் வால் அடுப்படி வாசலிலும் இருந்தன.

"ஊர்ல இத்தனை பேர் இருக்க, உங்ககிட்ட எதுக்குக் குடுத்தாரு?" கட்டில்மேல் ஏறி நின்றபடி மனைவி பிளாரன்ஸ் கேட்டாள்.

"என் பேருக்காக."

துரை ஒருமுறை கோயிலில் புனித ரோச்சின் சுரூபத்தைப் பார்த்திருந்தார். புனிதரின் காலடியில் ரொட்டியைக் கவ்விய நாய் ஒன்று உண்டு. அந்தப் பெயர் உள்ளவனிடம் நாய் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று துரை முடிவு செய்துவிட்டார்.

ரோச்சுக்குச் சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் குலைநடுக்கம். அதை அவன் துரையிடம் சொல்லவில்லை. உலகச் சண்டை முடிந்துவிட்டது. சண்டைக்காலத்தில் எடுத்த குமாஸ்தாக்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். துரையோ கப்பலேறும் முன் அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருந்தார்: "நான் திரும்பும்போது என் மனைவியும் வருவாள். அதற்குள் டியூக் மனிதர்களோடும் மற்றப் பிராணிகளோடும் சாதுவாகப் பழகியிருந்தால், ஹெட் கிளார்க் வேலை உனக்கு. யாரிடமும் சொல்லாதே."

ரோச் மனைவியிடம் மட்டும் சொன்னான்.

முதலில் மனிதர்கள். சுரூபத்தை மனத்தில் வைத்து, தெருவில் போகிறவர்களிடம் ஆளுக்கொரு ரொட்டித்துண்டைக் கொடுத்து, நாய்க்கு நீட்டச் சொன்னான். டியூக் சீக்கிரமே கற்றுக்கொண்டது: மனிதன் என்றால் ரொட்டி. அதன்பின் யார் வந்தாலும் தோளில் முன்கால்களைப் போட்டு, மடி, பை, முந்தானை எல்லாவற்றையும் மோந்து சோதித்தது. பூசைக்குப் புறப்பட்ட பக்கத்துவீட்டு அந்தோணியம்மாள் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ ரோச்சு! இது நாயா, கஸ்டம்ஸ் ஆபீசரா?"

ரொட்டியை நிறுத்தினான். எல்லாரும் ரொட்டியை ஒளித்துவைக்கிறார்கள் என்று டியூக் நினைத்துக்கொண்டது. சோதனை இன்னும் கடுமையானது. மீன்காரி அந்தத் தெருவுக்கு வருவதை விட்டாள்.

ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் நல்லக்கண்ணு. அவரும் தற்காலிகம்தான். ரோச்சின் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"மனுசங்களைப் பொறவு பாத்துக்கிடலாம் வே. மொதல்ல பூனையில ஆரம்பியும். எங்கிட்ட ஒண்ணு இருக்கு, கொண்டுவாரேன்."

"திருநெல்வேலி ரோட்டுல இருக்க புதுக்கோட்டை வீட்டுல இருந்தா? எட்டொம்பது மைலுல்லா?"

"ஒமக்காக இதுகூடச் செய்யமாட்டேனா?"

தினமும் ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்தார். கூடைக்குள் சடைசடையாக முடி தொங்கும் வெள்ளைப் பூனை. இப்படியும் ஒரு மனிதரா என்று ரோச்சுக்குக் கண் கலங்கியது.

பூனை முதல் நாளே டியூக்கின் மூக்கைக் கீறியது. டியூக் கட்டிலுக்கடியில் நுழைந்தது. கட்டில் பிளாரன்ஸோடு மேலே எழும்பியது.

மறுநாள் பியூன் மந்திரமூர்த்தி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தயங்கி நின்றான். "சார், அந்த நாய் பட்சிகளை ஒண்ணும் செய்யாதுல்லா?"

"கோழி வளக்கியா?"

"இல்ல சார். சும்மா கேட்டேன்."

நல்லக்கண்ணுவுக்கு ஒரு யோசனை பிறந்தது. மீன்பிடி வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெயை நாயின்மேல் தடவினால் பூனை தானாக ஒட்டிக்கொள்ளும். தடவினார்கள். பூனை வந்து நக்கியது. கொஞ்ச நேரத்தில் கடற்கரைத் தெருப் பூனைகள் அத்தனையும் நக்க வந்தன. டியூக் சங்கிலியோடும் ரோச்சோடும் கடலைப் பார்த்து ஓடியது. வழியில் மணலில் காயப்போட்ட கருவாட்டின்மேல் இரண்டு பேரும் உருண்டார்கள்.

வீடு திரும்பியபோது பிளாரன்ஸ் பெட்டியைக் கட்டியிருந்தாள். "நான் மணப்பாட்டுல எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். நாய் சாதுவான பொறவு சொல்லிவிடுங்க."

"அது சாதுதான், பிளாரன்ஸ்."

"அப்போ நான் சாதுவான பொறவு வாரேன்."

ரோச் தனியாகக் கருவாட்டு வாடையில் கிடந்தான். மனைவி போய்விட்டாள், வேலையும் போகத்தான் போகிறது என்று தோன்றியது. ஆனாலும் நல்லக்கண்ணு பூனையோடு வருவதை நிறுத்தவில்லை. மழை பெய்தாலும் வந்தார். சைக்கிள் பஞ்சரான அன்று உருட்டிக்கொண்டே வந்தார்.

செப்டம்பர் வாக்கில் பூனை டியூக்கின் முதுகில் படுத்துத் தூங்க ஆரம்பித்தது. பூனை விழுந்துவிடும் என்று டியூக் முன்கால்களைத் தூக்குவதை விட்டுவிட்டது. அந்தோணியம்மாள் அதைத் தாண்டிப் பூசைக்குப் போனாள். ரோச் அன்றே மணப்பாட்டுக்குச் சொல்லி அனுப்பினான்.

அக்டோபரில் கப்பல் வந்து தூரத்தில் நங்கூரமிட்டது. ஆட்களை ஏற்றிவர லாஞ்சு போயிருந்தது. ரோச் டியூக்கைக் குளிப்பாட்டிப் படகுத்துறைக்குக் கூட்டி வந்தான். அங்கே நல்லக்கண்ணு ஏற்கெனவே நின்றார். பூனையின் கழுத்தில் சிவப்பு ரிப்பன்.

"நீரு எங்கன வே இங்க?"

"துரையைப் பாக்க."

"பூனை எதுக்கு?"

நல்லக்கண்ணு கடலைப் பார்த்தார். "இது துரை வீட்டுப் பூனை வே. நாயோட பழக்கிவிட்டா ஹெட் கிளார்க் வேலை எனக்குன்னாரு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாரு."

லாஞ்சு வந்தது. அதிலிருந்து முன்பின் தெரியாத ஒரு துரை இறங்கினார். பழைய துரைக்குச் சிங்கப்பூரில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்றும், திரும்பி வரமாட்டார் என்றும் சொன்னார். தன்னோடு மதராஸிலிருந்து வந்த ஒருவரைக் காட்டி, இவர்தான் ஹெட் கிளார்க் என்றார். தற்காலிகக் குமாஸ்தாக்கள் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்றார். பூனை டியூக்கின் முதுகில் ஏறிப் படுத்தது.

பெட்டி தூக்க வந்திருந்த பியூன் மந்திரமூர்த்தி, கையிலிருந்த கூண்டின்மேல் மூடியிருந்த துணியை மெதுவாக விலக்கினான். உள்ளே துரை பங்களாவின் கிளி இருந்தது.

"அந்த வேலைக்குன்னு நான் கையெழுத்துப் போடக்கூடப் படிச்சுட்டேனே, சார்."