இடது மூலையில் ஒரு மீசை

இடது கீழ் மூலை மங்கலாக இருந்தது. மற்றபடி லென்ஸ் தங்கம்.

ரங்கெல் கணினித் திரையில் மூக்கு உரசும்படி குனிந்து படத்தைப் பெரிதாக்கினார். மூலையில் ஒரு மீசை. மீசை என்று ஊகிக்கத்தான் முடிந்தது.

"ஞாயித்துக்கிழமை யோவானாவுக்குக் கல்யாணம்," என்றாள் மனைவி பென்கா. "மாப்பிள்ளை வீட்ல அவங்க ஆளை வச்சு எடுக்கறேன்னாங்க. எங்கப்பாதான் எடுக்கணும்னு இவ ஒத்தக்கால்ல நின்னா. நீ என்னடான்னா சுவத்தைப் படம் எடுத்துட்டிருக்க."

"சோதிக்காம எப்படிக் கொண்டு போறது? ஓரத்துல நிக்கிற சம்பந்தியம்மா மங்கிப் போனா?"

"மங்கினா நல்லதுதான்."

பல்கேரியாவின் ரூசே நகரப் புகைப்படச் சங்கத்தில் ரங்கெலுக்குப் பெரிய மதிப்பு. அவர் சோதிக்காத லென்ஸ் இல்லை. எடுத்த மனிதர்கள்தான் குறைவு. அவருடைய சோதனைக்களம் அடுக்குமாடி வாசலை ஒட்டிய சுவர். குடியிருப்பில் யார் இறந்தாலும் நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு நினைவு என்று முகப்படம் போட்ட நோட்டீஸ்களை அங்கேதான் ஒட்டுவார்கள். முகம், பொடி எழுத்து, கறுப்புக் கோடு எல்லாம் ஒரே இடத்தில். காசு கொடுத்தாலும் இப்படி ஒரு சோதனைப் பலகை கிடைக்காது என்பது அவர் கட்சி.

சங்கத்து நண்பர் லூபெனிடம் வேறு லென்ஸை இரவல் வாங்கி மாட்டினார். சட்டகம் இம்மியும் நகரக்கூடாது என்பது சங்க விதி. ஆகவே முக்காலி நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டிருந்தார். அதே மூலை. அதே மங்கல் மீசை.

"அப்போ கேமராவே கோணல்," என்றார் லூபென். "லென்ஸ் மாட்டுற வளையத்தைக் கழட்டி மாட்டிப் பாரு."

கழற்றினார். மாட்டினார். மேசையில் ஒரு திருகு மிச்சம் இருந்தது. இப்போது வலது மூலையும் போயிற்று.

இதற்கிடையே, தினமும் சாவு நோட்டீஸ்களுக்கு முன்னால் வாடிய முகத்தோடு நிற்பவரை அக்கம்பக்கம் கவனிக்காமல் இருக்குமா? யாரோ தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். ஒரு அம்மாள் துக்கத்துக்குக் கொடுக்கும் வேகவைத்த கோதுமையைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். சோதனை மும்முரத்தில் அவரும் தின்றுவிட்டார்.

மாலையில் சம்பந்தி போன் செய்தார். "உங்க வீட்ல துக்கம்னு கேள்விப்பட்டோம். கல்யாணத்தைத் தள்ளி வச்சுடலாமா?"

பென்கா அவருக்குச் சமாதானம் சொல்லி முடித்துவிட்டுப் புருஷனைப் பார்த்த பார்வையில் அடுப்பே பற்றியிருக்கும். அடுத்து யோவானா.

"அப்பா, நீ எடுக்கறியா, அவங்க ஆளையே வரச் சொல்லவா? இப்பவே சொல்லு."

ரங்கெல் மேசையில் மிஞ்சிய திருகைப் பார்த்தார். "அவங்க ஆளையே வரச் சொல்லும்மா. என்னால கெட்டுப்போக வேணாம்."

"சரி," என்றாள் யோவானா. அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

சுண்ணக்கட்டி வட்டங்களை அழிக்கக் கீழே இறங்கினார். மூன்றாம் மாடி ஸ்தோய்கா, போன வருஷம் போய்ச் சேர்ந்த நைதெனின் மனைவி, சுவரின் இடது பக்கம் பிய்ந்து தொங்கிய புருஷனின் நோட்டீஸுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். அதன் மேல்பாதி மட்டும்தான் இத்தனை நாளும் ரங்கெலின் சட்டகத்துக்குள் இருந்தது.

"இந்த மூலைதான் என் மானத்தை வாங்கிடுச்சு," என்று அவளிடம் புலம்பினார் ரங்கெல். "எந்த லென்ஸைப் போட்டாலும் இந்த மீசை மங்கலாவே விழுது. பெத்த பொண்ணு கல்யாணத்துக்குப் படம் எடுக்க லாயக்கில்லாம போயிட்டேன்."

ஸ்தோய்கா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் நுனியால் காகிதத்தை நீவிவிட்டாள்.

"படமே மங்கல்தானே தம்பி. ஸ்டூடியோல எடுத்தது தெளிவா நாலு இருக்கு, நாலுலயும் உம்முனு இருக்காரு. அவரு சிரிச்சது இது ஒண்ணுலதான். அந்தப் புதுவருஷ விருந்துல நீ எடுத்தியே, அது."